லோடு வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்: இ.சி.எம். மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்றுதான் நம் மனதில் படம் வருகிறது. இவை எதுவும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று கொண்டிருக்கலாம். காரிலும் லோடு ஏற்றும் பிக்கப் வண்டியிலும் இருக்கும் இ.சி.எம். என்ற சிறிய அலுமினியப் பெட்டியைத்தான் சொல்கிறேன். இசியு என்றும் சொல்வார்கள். என்ஜினை இயக்கும் மூளை இதுதான்.

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் பிக்கப் வண்டியை நம்பித்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை போய்விடும். அப்படிப்பட்ட வண்டி நின்று, "கம்ப்யூட்டர் போச்சு, மாற்ற வேண்டும்" என்று சொன்னால் என்ன செய்வது? வீட்டுக் கம்ப்யூட்டர் பற்றிய உங்கள் அறிவே இங்கு பாதி வழி காட்டும்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று மூன்று வேலைகள் நடப்பது தெரியும். இங்கும் அதேதான். என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை கிராங்க் சென்சாரும், சூட்டை டெம்பரேச்சர் சென்சாரும், உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஆக்சிலரேட்டர் சென்சாரும் சொல்கின்றன. பெட்டிக்குள் உள்ள பிராசசர் இவற்றைக் கணக்கிட்டு, எந்த நொடியில் எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று இன்ஜெக்டர்களுக்குக் கட்டளை தருகிறது.

1979ல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் என்ற பெட்ரோல் என்ஜின் கம்ப்யூட்டர் வந்தது. டீசலில், காமன் ரெயில் முறையுடன் வந்த முதல் கார் 1997ல் வெளியான ஆல்ஃபா ரோமியோ 156. நம் நாட்டில் பி.எஸ்.4 புகை விதி 2010ல் பெரிய நகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரல் 1 முதல் எல்லா ஊர்களுக்கும் வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் பிக்கப்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் பெட்டி உண்டு. அதற்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள் பலவற்றில் இது கிடையாது.

முதலில் பவர், பிறகு பெட்டி

வீட்டில் கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால் உடனே மதர்போர்டை மாற்றுவீர்களா? பிளக் சரியாக இருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ். வேலை செய்கிறதா என்றுதானே முதலில் பார்ப்பீர்கள்? வண்டியிலும் அதே வரிசைதான். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

1. சாவியை ஆன் செய்யுங்கள். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் இ.சி.எம்.முக்குப் பவர் போகவில்லை, அல்லது பெட்டியிலோ பல்பிலோ கோளாறு.

2. முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

3. இ.சி.எம். ஃப்யூஸ், மெயின் ரிலே இரண்டையும் பாருங்கள்.

4. எர்த் ஒயர் பாடியில் இணையும் போல்ட்டில் துரு இருக்கிறதா? துருவை உரசி எடுத்து இறுக்கியதும் வேலை செய்யத் தொடங்கிய வண்டிகள் ஏராளம்.

5. பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை படிந்திருக்கிறதா, தண்ணீர் இறங்கியிருக்கிறதா, எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும் முன் பேட்டரியின் நெகடிவ் டெர்மினலை எடுத்துவிட வேண்டும்.

6. சென்சார்களுக்கு இ.சி.எம். 5 வோல்ட் தருகிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் இந்த 5 வோல்ட்டே விழுந்து, பெட்டி செத்தது போலத் தெரியும். ஷார்ட் ஆன பென் டிரைவ் ஒன்று கம்ப்யூட்டரையே ஆன் ஆக விடாமல் செய்வது போலத்தான் இதுவும். சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 5 வோல்ட் திரும்புகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: காமன் ரெயில் டீசல் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். என்ஜின் ஓடும்போது அந்த பைப்பை யாரும் தளர்த்தக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகினால் செல்போனிலேயே எரர் கோடு படிக்கலாம். சில பழைய வண்டிகளில் சாக்கெட் இருந்தும் சாதாரண அடாப்டர் பேசாது. அந்தக் கம்பெனிக்கு உரிய ஸ்கேனர்தான் வேண்டும்.

பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். யு0100 என்றால் மற்ற பெட்டிகளால் இ.சி.எம்.முடன் பேச முடியவில்லை. பி0606 என்றால் இ.சி.எம். பிராசசரில் கோளாறு. இதிலும் அவசரப்படாதீர்கள். பேட்டரி பலவீனமானால்கூட இப்படிக் கோடு வரலாம். கோடு என்பது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

பெட்டி மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. பலர் பணத்தை இழக்கும் இடம் இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் ஹார்டுவேரோடு டேட்டாவும் மாற வேண்டும். இ.சி.எம்.முக்குள் மூன்று விஷயங்கள் உள்ளன.

முதலாவது, அந்த என்ஜினுக்கான சாப்ட்வேர். லேபிளில் உள்ள ஹார்டுவேர் எண், சாப்ட்வேர் எண் இரண்டும் பழைய பெட்டியோடு பொருந்த வேண்டும்.

இரண்டாவது, இம்மொபிலைசர் தகவல். உங்கள் சாவிக்குள் உள்ள சிப்பை இ.சி.எம். அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஓடும்.

மூன்றாவது, இன்ஜெக்டர் கோடு. பல இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்து பொறித்திருக்கும். அதைப் புதிய பெட்டிக்குச் சொல்லாவிட்டால் என்ஜின் தட்டும், புகை வரும்.

திருமங்கலம் பக்கம் என் சித்தப்பா வைத்திருக்கும் பிக்கப்பில் பின் கேட்டுக்கு வெல்டிங் வைத்தார்கள். பேட்டரியைக் கழற்றாமலே வைத்துவிட்டார்கள். மறுநாள் வண்டி எழும்பவில்லை. மேலே சொன்ன ஆறையும் வரிசையாகப் பார்த்தோம். கனெக்டர் வரை 12 வோல்ட் சரியாக வருகிறது, எர்த் சரி, ஆனால் எல்லா சென்சார்களையும் கழற்றியும் 5 வோல்ட் இல்லை. பெட்டிதான் போயிருக்கிறது என்பது உறுதி. அதே எண் கொண்ட பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. மாட்டினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. சாவி படம் போட்ட விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. இ.சி.எம். ரிப்பேர் செய்பவர் ஒருவர், செத்த பெட்டியின் மெமரி சிப்பை லேப்டாப்பில் படித்து, அந்த டேட்டாவை மாற்றுப் பெட்டியில் எழுதிய பிறகே வண்டி ஓடியது. பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் அந்த டேட்டாவும் போயிருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

* எதை வைத்து இ.சி.எம். போனது என்கிறீர்கள்? பவர், எர்த், 5 வோல்ட் பார்த்தீர்களா?
* பழைய பெட்டியின் டேட்டாவை பேக்கப் எடுப்பீர்களா? அதன் காப்பி எனக்குக் கிடைக்குமா?
* சாவி, இன்ஜெக்டர் கோடு பதிவது இந்தத் தொகையில் அடங்குமா?
* பில்லும் வாரண்டியும் உண்டா?

புரோகிராம் எழுதும்போது வண்டி பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். லேப்டாப்பிலும் முழு சார்ஜ் வேண்டும். பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு என்ன ஆகுமோ, அதேதான் இங்கும் ஆகும்.

இனி வராமல் இருக்க

வண்டியில் எங்கு வெல்டிங் வைத்தாலும் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் இ.சி.எம். இருக்கும் இடத்தில் நேராகத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். வேறு வண்டியிலிருந்து பேட்டரி கரண்ட் எடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறாமல் கவனியுங்கள். வண்டி நன்றாக ஓடும்போதே இ.சி.எம். லேபிளையும், வெளியே தெரிந்தால் இன்ஜெக்டர் கோடுகளையும் செல்போனில் படம் எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் சேமித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். வண்டி நின்று போகும் நாளில் அந்தப் படம் கைகொடுக்கும்.