பாதி எழும்பும் கட்டை

2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பலருடைய கைப்பேசியில் ஒரே காணொளி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையைச் சேர்ந்த 13 வயது லிடியன் நாதஸ்வரம், ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஃபிளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யைப் பியானோவில் வாசித்தார். முதலில் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 208 தட்டு, அடுத்து 325. மார்ச் மாதம் 10 லட்சம் டாலர் பரிசும் அவருக்கே கிடைத்தது. விரல் எப்படி இப்படி ஓடுகிறது என்று எல்லாரும் வியந்தோம். அந்த விரலுக்கு ஈடுகொடுத்த இயந்திரத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஸ்பிரிங், நெம்புகோல் என்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாளெல்லாம் புழங்குகிறவர்களுக்கு அந்த இயந்திரம் நிச்சயம் பிடித்துப்போகும்.

பியானோவின் கட்டை ஒரு நெம்புகோல். முன்முனையை அழுத்தினால் பின்முனை எழும். அதன் மேல் நிற்கும் சிறு மரத்துண்டு, ஃபெல்ட் போர்த்திய சுத்தியலைத் தள்ளும். சுத்தியல் கம்பியை அடிக்கும். சிக்கல் அதன் பிறகுதான். விரல் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தால் சுத்தியலும் கம்பியிலேயே ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடுமே! ஆகவே கம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே அந்தத் துண்டு நழுவி விலகிக்கொள்கிறது. மிச்ச தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து கடக்கிறது. 1700 வாக்கில் ஃபிளாரன்ஸில் முதல் பியானோவைச் செய்த பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரியே இந்த வழியைக் கண்டுவிட்டார்.

ஒரு கிராண்ட் பியானோ எதிரே உட்கார வாய்த்தால், ஒலியே எழாதபடி ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரல்நுனியில் சின்னதாக ஒரு தடை தட்டுப்படும். துண்டு நழுவும் இடம் அதுதான். அதற்கப்பால் சுத்தியல் மேல் வாசிப்பவருக்கு எந்தப் பிடியும் கிடையாது. கட்டை இறங்கும் மொத்த ஆழமே சுமார் 10 மில்லிமீட்டர். கெஞ்சலோ ஆவேசமோ, எதுவானாலும் அதற்குள் சொல்லியாக வேண்டும்.

கிறிஸ்தோஃபோரியின் வழியில் ஒரு குறை இருந்தது. நழுவிய துண்டு மறுபடி சுத்தியலுக்குக் கீழே வந்து உட்கார, கட்டை முழுக்க மேலே எழும்ப வேண்டும். அதே கட்டையை அவசரமாக மறுமுறை தட்டினால் ஒலி வராமல் போகும். 1821-இல் பியானோ தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார் இதைத் தீர்த்தார். அடித்துவிட்டு விழும் சுத்தியலை முழுக்க விழ விடாமல், ஸ்பிரிங் வைத்த இன்னொரு நெம்புகோல் பாதி வழியிலேயே தாங்கிக்கொள்கிறது. கட்டை பாதி எழும்பினாலே போதும், துண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இன்றைய கிராண்ட் பியானோக்கள் அனைத்திலும் இருப்பது இந்த ஏற்பாட்டின் வழிவந்ததே.

1823-இல் ஹங்கேரியிலிருந்து ஒரு சிறுவன் பாரிஸுக்கு வந்து சேர்ந்தான். எரார் குடும்பம் அவனை அணைத்துக்கொண்டது. அவர்களுடைய புதுப் பியானோவில்தான் அவன் கச்சேரிகள் நடந்தன. அவன்தான் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1832-இல் பகனினியின் வயலினைக் கேட்ட பிறகு, வயலினில் அவர் செய்ததைப் பியானோவில் செய்துகாட்டியே தீருவது என்று வெறியோடு சாதகத்தில் இறங்கினார். அதில் விளைந்தவற்றுள் ஒன்று ‘லா கம்பனெல்லா’. பகனினியின் இரண்டாம் வயலின் கான்செர்ட்டோவிலிருந்து எடுத்த மெட்டு; இன்று நாம் கேட்கும் வடிவம் 1851-இல் வெளிவந்தது.

எனக்கு உயிரான உருப்படி இது. உச்சியில் ஒரு மணி விடாமல் ஒலிக்கிறது. மெட்டு கீழே நடக்கிறது. இரண்டையும் வாசிப்பது ஒரே வலக்கைதான்! கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு ஸ்தாயி, சில இடங்களில் இரண்டு ஸ்தாயி தாண்டிக் குதித்துவிட்டு அது திரும்ப வேண்டும். பிறகு, ஒரே கட்டையை விரல் மாற்றி மாற்றிப் படபடவென்று தட்டும் இடங்கள் வருகின்றன. எரார் கொடுத்த பாதி எழுச்சி இல்லாவிட்டால் அங்கே சுரங்கள் விழுங்கப்பட்டுவிடும். இவ்வகை இசையை வித்தை காட்டல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கர்நாடக இசைப் பாடகர் ஜி.என்.பி.யின் அதிவேகப் பிருகாவில் கிறங்கிய காதுகளுக்கு அந்தச் சந்தேகம் வராது. வேகத்தில் மட்டுமே பிறக்கிற ஓர் அழகு இருக்கிறது.

லிஸ்டின் போட்டியாளர் தால்பர்க்கோ பெடலை நம்பினார். வலப் பெடலை மிதித்தால் கம்பிகளை அடக்கும் ஃபெல்ட் கட்டைகள் எல்லாம் ஒருசேர எழுந்துவிடும். விரல் விலகினாலும் சுரம் நிற்கும். மெட்டை நடுவில் இரு பெருவிரல்களும் பகிர்ந்துகொள்ள, மற்ற விரல்கள் மேலும் கீழும் அலை அலையாக ஓடும். கேட்பவர்களுக்கு மூன்று கைகள் வாசிப்பதுபோல் இருக்கும். 1837 மார்ச் 31 அன்று பாரிஸில் ஒரு சீமாட்டியின் மாளிகையில் இருவரும் ஒரே மேடையில் மோதினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீட்டிலோ தேவாலயத்திலோ பெரும்பாலும் இருப்பது 61 கட்டைக் கீபோர்டு. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் வல்லம் வடகாலில் யமஹாவின் தொழிற்சாலை 2019 முதல் கீபோர்டு தயாரிக்கிறது. கற்றுக்கொள்ளத் தொடங்க 61 கட்டைக் கீபோர்டு போதும். ஆனால் அதில் சுத்தியல் கிடையாது, பியானோவின் 88 கட்டைகளில் 27 குறைவு. நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவிலும் பொதுவாக எரார் நெம்புகோல் இருப்பதில்லை. ஒரே கட்டையை நொடிக்கு ஏழு முறை அளவுக்கு அப்ரைட்டிலும், 14 முறை அளவுக்கு கிராண்டிலும் தட்டலாம் என்பது யமஹாவின் கணக்கு. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரமும் ஃபெல்ட்டும் உப்பிக் கட்டைகள் மந்தமாகிவிடும்.

லிஸ்ட் மீது ஆசை வைத்த பிள்ளைக்கு, சுத்தியல் எடை கொண்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று சென்சார் உண்டா என்று கேளுங்கள். இரண்டு மட்டும் உள்ளவற்றில் கட்டை ஏறக்குறைய முழுக்க எழுந்தால்தான் மறு ஒலி வரும். பாதி எழுச்சியைப் பிடிப்பது மூன்றாவது சென்சார். கடையில் ஒரே கட்டையை மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், பெருவிரல் என்று வரிசையாகத் தட்டச் சொல்லுங்கள். கட்டை முழுக்க மேலே வராதபோதும் நான்கு ஒலியும் தெளிவாகக் கேட்டால் தாராளமாக வாங்கலாம்.