எண்ணெய்ப் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது?

தாராவிக் கடையில் எண்ணெய்ப் பாக்கெட் வாங்குகிறோம். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று சிலவற்றில் போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஆனால் அதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம்.

கொலஸ்ட்ரால் மெழுகு போன்றது. நம் ஈரலே அதைச் செய்கிறது. ஆடு, கோழி, மீன் எல்லாவற்றிலும் உண்டு. செடிகளில் இருப்பது அதன் தங்கை மாதிரி. பெயர் சிட்டோஸ்டெரால். எள்ளில் உண்டு, கடலையில் உண்டு. இது குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டி போடும். அதை ரத்தத்தில் சேரவிடாமல் கொஞ்சம் தடுக்கும். சாப்பாட்டில் நமக்குக் கிடைப்பதோ மிகக் குறைவு. இதை நம்பி டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. தேங்காய் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் உள்ள கொழுப்பு நம் உடம்பில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். பாக்கெட்டில் இதை எழுத மாட்டார்கள்!

மாட்டுங்கா மார்க்கெட்டில் காளான் விற்கிறதே, அதில் இருப்பது எர்கோஸ்டெரால். வெயில் பட்டால் அது வைட்டமின் டி ஆகிவிடும்.