காத்திருக்கும் நிரலும் காலந்தவறாப் பணியும்

மழைமானியுடன் இணைக்கப்பெற்ற கணிப்பொறியொன்று இரு கடமைகளை ஆற்ற வேண்டியுள்ளதெனக் கொள்வோம். 15 நிமிடத்திற்கு ஒருமுறை மழையளவைப் பதிவு செய்தல் ஒன்று. பணியாளர் விசைப்பலகையில் இடும் குறிப்புகளை ஏற்றல் மற்றொன்று. உள்ளீட்டைக் கேட்கும் சாதாரணக் கட்டளை, ஒரு வரியை எழுதி எண்டர் விசையை அழுத்தும்வரை திரும்புவதில்லை. இரவு முழுவதும் எவரும் வாராவிடில், நிரலும் அவ்விடத்திலேயே நின்றுவிடும். மானியின் எண்ணி மொத்த மழையைக் காட்டக்கூடும். எனினும் அம்மழை எந்தக் கால்மணியில் கொட்டியது என்பதைப் பின்னர் அறிய இயலாது. வெள்ள எச்சரிக்கைக்கு இன்றியமையாதது அவ்விவரமே.

இதற்குப் பள்ளிக் காவலரை உவமையாகக் கூறலாம். வாயிலில் வருவோரை வரவேற்பதும், பாடவேளை மணி அடிப்பதும் அவர் பணிகள். கடிகாரத்தை மறந்து வாயிலையே நோக்கியிருப்பின் மணி தவறும். "அடுத்த மணிவரை மட்டும் காத்திருப்பேன், அதற்குள் ஒருவர் வரின் கவனிப்பேன்" என்று அவர் முறை வகுத்துக்கொண்டால் இரண்டும் நடைபெறும்.

நிரலுக்கும் இதுவே வழி. 1983-இல் வெளியான பெர்க்கிலி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் 'செலக்ட்' என்னும் வசதி அமைந்தது. உள்ளீடு வரும்வரை, அல்லது குறித்த கால எல்லை முடியும்வரை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை அது காத்திருக்கும். பைத்தான் மொழியிலும் இதனைப் பயன்படுத்தலாம். பணியின் ஒழுங்கு பின்வருமாறு:

1. அடுத்த பதிவுக்குரிய நேரத்தைக் குறித்துக்கொள்க.
2. அந்நேரம் வந்துவிட்டதாயின், மானியைப் படித்துப் பதிவு செய்து, குறித்த நேரத்துடன் 15 நிமிடம் கூட்டுக.
3. வரவில்லையாயின், எஞ்சிய காலத்திற்கு மட்டும் உள்ளீட்டை எதிர்நோக்குக.
4. உள்ளீடு வரின் அதனைக் கவனித்து, மீண்டும் இரண்டாம் படிக்குச் செல்க.

இங்கு இரு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு 15 நிமிடக் காத்திருப்பைப் புதிதாகத் தொடங்கினால், பணியாளர் 5 நிமிடத்திற்கொரு வரி எழுதும்போது பதிவு ஒருபோதும் நிகழாது. ஆதலால் எஞ்சிய காலத்தையே கணக்கிடுதல் வேண்டும். மேலும், பணி முடிந்த நேரத்துடன் 15 நிமிடம் கூட்டினால், ஒரு பதிவுக்கு 2 வினாடி செலவாகும் நிலையத்தில், நாளின் 96 பதிவுகளுக்குள் ஏறத்தாழ 3 நிமிடம் பிந்திவிடும்.

விண்டோஸ் அமைப்பில் 'செலக்ட்' வலையிணைப்புகளுக்கே பயன்படும், விசைப்பலகைக்கு உதவாது. அங்கு உள்ளீட்டைக் கேட்கும் வேலையைத் தனி இழையொன்றிடம் ஒப்படைக்கலாம். உள்ளீட்டைக் கவனிப்பதற்கே நெடுநேரம் பிடிக்கும் இடங்களிலும் தனி இழையே தக்கது. ஆயினும் இரு இழைகளும் ஒரே பதிவேட்டில் எழுதுமாயின், ஒன்று எழுதும்போது மற்றொன்று காத்திருக்குமாறு பூட்டு அமைத்தல் அவசியம்.

ஆசிரியர்கள் கால எல்லையை 10 வினாடியாகக் குறைத்து வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம். மாணவர் ஒருவர் இடைவிடாது வரிகளை எழுதட்டும். பிறகு எதுவும் எழுதாது வாளாவிருக்கட்டும். இரு நிலையிலும் பதிவு உரிய நேரத்தில் விழுமாயின், நிரல் செம்மையாக அமைந்துள்ளதென்று கொள்ளலாம்.