கேம் கார்டும் கறுப்பு ரப்பர் வளையமும்

சுங்கை பட்டாணி பாசார் மாலாமில் கேம் கார்டு பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அஞ்சல்தலை அளவுள்ள நிண்டெண்டோ ஸ்விட்ச் கார்டுகளைச் செருகி வைக்க உள்ளே குழி குழியாக இருக்கும். கீழே விழுந்தால் கார்டு உடையக் கூடாது என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் நம் கெடாவில் கார்டுக்கு அடியைவிடப் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம்!

கார்டின் பின்பக்கத்தில் வரிசையாக மின்னும் பட்டைகள் செம்பால் ஆனவை. மேலே மிக மெல்லிய தங்கப் பூச்சு. தங்கம் கறுக்காது. பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரமும் விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் செம்பு கறுத்துவிடும். பிறகு மின்சாரம் சரியாகப் பாயாது, கேம் திறக்காது. உடனே வாயால் ஊதாதீர்கள். உங்கள் அப்பா காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் ஊதினார்கள். மூச்சிலும் ஈரம்தானே இருக்கிறது? நாக்கிலும் வைக்காதீர்கள். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாதென்று ஸ்விட்ச் கார்டில் டெனடோனியம் பென்சோயேட் பூசியிருக்கிறார்கள். அதன் கசப்புக்கு முன்னால் பாகற்காய் வெல்லக்கட்டி!

ஜிப் வைத்த பெட்டி அடியைத் தாங்கும், ஈரத்தைத் தடுக்காது. ஜிப்பின் பற்களுக்கிடையே காற்று தாராளமாகப் போய்வரும். ஈரத்தைத் தடுக்க, மூடியின் விளிம்பில் கறுப்பு ரப்பர் வளையம் உள்ள பெட்டிதான் வேண்டும். பாலிங், சிக் பக்கம் மரத்தில் வடியும் பாலை அப்படியே உறைய வைத்தால் கிடைக்கும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் கலந்து சூடாக்கினார். நூல்போல் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டது. அதனால் அழுத்தினால் நசுங்கும். விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும். மூடியை அழுத்திப் பூட்டும்போது, திரும்பத் துடிக்கும் அந்த விசைதான் இடைவெளியை அடைக்கிறது. இப்போது பல பெட்டிகளில் சிலிக்கோன் வளையம் வருகிறது, வேலை ஒன்றுதான்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 600 மில்லிலிட்டர் பெட்டிக்கு அந்தக் கணக்கில் 18 மில்லிகிராம், அவ்வளவுதான். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இதைச் சுலபமாக உறிஞ்சிவிடும். ஆனால் நீங்கள் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புது ஈரம் உள்ளே வரும்.

ஏர்கோன் காரில் சில்லென்றிருந்த கார்டை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் முத்து முத்தாகப் படியும். பெட்டியை மூடியே வைத்திருங்கள். நீர் பெட்டியின் வெளிப்பக்கம் படியட்டும். சில்லிப்பு போனபிறகு திறக்கலாம்.

உங்கள் பெட்டியைச் சோதிக்க வேண்டுமா? கார்டுகளை எடுத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ ஒன்றை உள்ளே போட்டுப் பூட்டுங்கள். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். டிஷ்யூ நனைந்திருந்தால் பெட்டியைத் திட்டாதீர்கள். முதலில் வளையத்தில் மணலோ தலைமுடியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.