பாறைச் சிதைவு மூடிய பனியாறு

பாறைச் சிதைவு மூடிய பனியாறு என்பது, கீழ்ப்பகுதியின் மேற்பரப்பு கற்கள், மணல், பெரும்பாறைகள் ஆகியவற்றால் மூடப்பட்டிருக்கும் மலைப் பனியாறு ஆகும். இமயமலை, காரகோரம், ஆல்ப்ஸ் போன்ற மலைத்தொடர்களில் இவை காணப்படுகின்றன. எவரெஸ்ட் சிகரத்தின் நேபாளப் பக்கத்தில் உள்ள கும்பு பனியாறு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

உருவாக்கம்

செங்குத்தான மலைச்சரிவுகளில் இருந்து விழும் பாறைகள் பனியில் புதைந்து, பனிக்கட்டியுடன் கீழ்நோக்கி நகர்கின்றன. கீழ்ப்பகுதியில் பனிக்கட்டி உருகிவிட, கற்கள் மேற்பரப்பில் எஞ்சுகின்றன. இதனால் சிதைவுப் படலம் மேலே மெல்லியதாகவும், பனியாற்றின் முனையை நெருங்கும்போது தடித்ததாகவும் அமைகின்றது. சில இடங்களில் இதன் தடிப்பு ஒரு மீட்டரையும் விஞ்சும்.

உருகுதலில் ஏற்படும் விளைவு

மெல்லிய படலம், தன் கருநிறம் காரணமாகச் சூரிய ஒளியை உறிஞ்சி, அவ்வெப்பத்தைப் பனிக்கட்டிக்குக் கடத்துகின்றது. எனவே உருகுதல் விரைவடைகின்றது. தடித்த படலத்தினூடாக வெப்பம் எளிதில் கீழே செல்வதில்லை. எனவே உருகுதல் குறைகின்றது. நோர்வே நாட்டுப் பனியாற்றியலாளர் குன்னர் ஓஸ்ட்ரெம் 1959 இல் இத்தொடர்பை விளக்கினார். இதனைக் காட்டும் வரைபடம் ஓஸ்ட்ரெம் வளைகோடு எனப்படுகின்றது. இரு விளைவுகளையும் பிரிக்கும் தடிப்பு பொதுவாகச் சில சென்டிமீட்டர்களே ஆகும்.

நீண்டகால மாற்றம்

வெப்பநிலை உயரும்போது, சிதைவு மூடாத பனியாற்றின் முனை மேல்நோக்கிப் பின்வாங்குகின்றது. சிதைவு மூடிய பனியாற்றிலோ, முனையைவிட அதற்கு மேலுள்ள, படலம் மெல்லிய பகுதியே கூடுதலாக உருகுகின்றது. இதனால் மேற்பரப்பின் சரிவு குறைந்து, பனிக்கட்டியின் ஓட்டம் தளர்கின்றது. கும்பு பனியாற்றின் கடைசிச் சில கிலோமீட்டர்கள் ஏறத்தாழ அசைவற்றுள்ளன. முனை பல பத்தாண்டுகள் அதே இடத்தில் நின்றாலும், பனியாறு தொடர்ந்து மெலிந்துவரக்கூடும். ஆகவே நீளத்தை மட்டும் அளந்து இத்தகைய பனியாற்றின் நிலையை அறிய முடியாது. மேற்பரப்பின் உயர மாற்றத்தையும் அளக்கவேண்டும்.

மேலும், படலத்தின் இடையே தோன்றும் பனிச்சுவர்களும் குளங்களும் மிகுதியாக உருகுதலை உண்டாக்குகின்றன. மேலிருந்து வரும் பனிக்கட்டியின் அளவும் குறைகின்றது. இக்காரணங்களால், இமயமலையில் சிதைவு மூடிய பனியாறுகள் பலவும் மூடப்படாதவற்றுக்கு ஒப்பான வேகத்தில் மெலிவது செய்மதி அளவீடுகளில் தெரியவந்துள்ளது.

ஏரிகளும் இடரும்

சரிவு குறைந்த பகுதிகளில் குளங்கள் ஒன்றிணைந்து ஏரியாகலாம். எவரெஸ்ட் பகுதியிலுள்ள இம்ஜா பனியாற்றில் 1960களில் சிறு குளங்களே இருந்தன. பின்னர் அவை இணைந்து, ஒரு சதுர கிலோமீட்டரைவிடப் பெரிய ஏரியாயின. இத்தகைய ஏரிகளைத் தடுத்து நிற்கும் தளர்வான கற்குவியல் உடைந்தால், கீழுள்ள ஊர்களில் வெள்ளம் ஏற்படும். இவ்விடரைக் குறைப்பதற்காக, 2016 இல் கால்வாய் வெட்டி இம்ஜா ஏரியின் நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் தாழ்த்தப்பட்டது.