பீரங்கிக்குக் காத்திருந்த முப்பது வருஷங்கள்

1986-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410 வாங்குவதற்கு ஸ்வீடன் தேசத்துப் போபர்ஸ் கம்பெனியுடன் நமது சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் லஞ்சம் கைமாறியதாக மறு வருஷம் ஸ்வீடன் வானொலி அறிவிக்க, தேசமெங்கும் எழுந்த கொந்தளிப்பு 1989-இல் ஆட்சி மாறுவதற்கே ஒரு பிரதான காரணமாயிற்று. அந்தப் பீரங்கிகள்தாம் 1999-இல் கார்கில் சிகரங்களில் பகைவரின் பதுங்குகுழிகளை நொறுக்கி நம் வீரர்களுக்கு வழி செய்தன. ஆயினும், அமெரிக்காவிடமிருந்து 145 பீரங்கிகள் வாங்க 2016 நவம்பரில் கையெழுத்தாகும்வரை, அவ்வகையில் புதிதாக ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து வாங்கப்படவில்லை. போபர்ஸ் அன்றே அளித்திருந்த வரைபடங்களும் பல்லாண்டுகள் பயனற்றுக் கிடந்த பின்னரே, ஜபல்பூரில் 'தனுஷ்' பீரங்கியாக உருப்பெற்றன.

கார்கில் யுத்தத்துக்குப் பின், 2001-இல் பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் ஒரு கொள்முதல் கவுன்சில் அமைந்தது. 2002-இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டு, பன்முறை திருத்தப்பட்டு, 2020-இல் புதுவடிவம் பெற்றன. அவ்விதிகளின்படி ராணுவம் தன் தேவையை எழுத, கவுன்சில் அதன் அவசியத்தை அங்கீகரிக்க, கம்பெனிகள் தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனி உறைகளில் தருகின்றன. கோடையில் ராஜஸ்தானத்து மணலிலும் குளிர்காலத்தில் லடாக்கின் பனியிலும் சோதித்துத் தேறியவற்றின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். ஒரு குளிர்காலம் தவறினால் ஒரு வருஷம் போயிற்று. பிறகு பேரம், நிதித்துறையின் சம்மதம், பெருந்தொகையானால் பிரதமர் தலைமையிலான மந்திரிசபைக் குழுவின் ஒப்புதல் என்று கோப்பு படியேறிச் செல்கிறது.

இந்த ஏற்பாடு லஞ்சத்தைத் தடுக்கும் நோக்கத்தையும் முன்வைத்துப் பிறந்தது. அந்நோக்கம் மிக நியாயமானதே. ஆனால் தவறாகக் கையெழுத்திட்டவர் பல்லாண்டுகள் விசாரணையில் அலையவும், கையெழுத்திடாமலே காலம் கடத்தியவர் நிம்மதியாக ஓய்வு பெறவும் இடமிருக்கும்போது, எந்த உத்தியோகஸ்தர் துணிந்து முடிவெடுப்பார்? தாமதத்தின் விலை கணக்குப் புத்தகத்தில் தென்படுவதில்லை. விமானப் படைக்குப் பயிற்சி ஜெட் விமானம் வேண்டும் என்று 1982-இல் ஒரு குழு பரிந்துரைத்தது. அத்தகைய ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தமானது 2004-இல்தான். இடையில் இளம் விமானிகள் அதிவேக மிக் 21 விமானங்களிலேயே பழக நேர்ந்தது. விபத்துகளில் பலர் மாண்டனர்.

ஆகவே, விதிகளை மேலும் பெருக்குவதைக் காட்டிலும், ஒவ்வொரு பெரிய கொள்முதலுக்கும் ஆதிமுதல் அந்தம்வரை பொறுப்பேற்கும் ஓர் அதிகாரியை நியமித்து, இடையில் மாற்றாதிருப்பதே முதற்காரியம் என்பது என் அபிப்பிராயம். எந்தக் கோப்பு எந்த மேஜையில் எத்தனை மாதம் தங்கியது என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் வருஷந்தோறும் பார்லிமெண்டின் நிலைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் தொகுதி அங்கத்தினர்களிடம் இதை நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.