ரப்பர் வளையம் எழுதும் எழுத்து

உங்கள் வீட்டு அலமாரியிலோ மேசை இழுப்பறையிலோ தேடிப் பாருங்கள். மருந்துச் சீட்டுகளைக் கட்டிய ரப்பர் வளையம் ஒன்றாவது கட்டாயம் அகப்படும். மளிகைக் கடைப் பொட்டலத்தோடு வந்து, கதவுக் கொக்கியில் மாட்டப்பட்டு, பிறகு காணாமற் போகும் பொருள் அது. ஆங்கிலேயரான ஸ்டீபன் பெர்ரி 1845-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து இன்றுவரை அதன் வேலை ஒன்றே: இழுத்தால் நீள்வது, விட்டால் சுருங்குவது.

இந்த வளையத்தைக் கொண்டு எழுத்துகளை அமைக்க முடியுமா? வெறும் விளையாட்டு என்று நினைத்து விடாதீர்கள். கணிப்பொறி அறிஞர் ஒருவரும், கலைஞரான அவர் தந்தையும், ஸ்பெயின் நாட்டுக் கணிப்பொறி அறிஞர் ஒருவரும் சேர்ந்து இப்படி ஓர் எழுத்து வரிசையையே அமைத்தார்கள். அதை நாமும் செய்து பார்ப்போம். செய்து பார்க்கும்போது, எழுத்து என்பது என்ன, அதில் எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்பதும் விளங்கும்.

பொருள் மாறினால் எழுத்தும் மாறும்

எழுதும் கருவிக்கும் எழுத்தின் வடிவத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. பழைய ஓலைச் சுவடிகளைப் பார்த்தால், மெய்யெழுத்துகளின் மேல் பெரும்பாலும் புள்ளி இராது. படிப்பவர்தான் இடம் பார்த்து, அது மெய்யா உயிர்மெய்யா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பின்னர் அச்சு வந்தது. தட்டச்சுப் பொறி வந்தது. ஒவ்வொரு புது வடிவத்துக்கும் தனி அச்சு வேண்டியிருந்ததால், வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் எண்ணமும் வலுத்தது. 1978-இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களை விடுத்து, இன்று நாம் எழுதும் வடிவங்களை ஏற்றுக்கொண்டது.

வேண்டுமென்றே தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு எழுத்து அமைத்தவர்களும் உண்டு. 1920-களில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் இருந்த யோசெப் ஆல்பர்ஸ், சதுரம், முக்கோணம், கால் வட்டம் ஆகிய வடிவங்களை மட்டும் வைத்து எழுத்து வரிசை ஒன்றை உருவாக்கினார். நாம் விதித்துக்கொள்ளப் போகும் கட்டுப்பாடு அதைவிடக் கடுமையானது. ஓர் எழுத்துக்கு ஒரே ஒரு ரப்பர் வளையம்தான். அது தன்னைத் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது. எந்த இடத்திலும் தொய்யக் கூடாது.

முதல் சோதனை

ஒரு மரப்பலகை, ஒரே அளவான சில சோடா மூடிகள், ஆணிகள், நன்றாக நீளக்கூடிய ரப்பர் வளையம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் விட்டம் எவ்வளவோ அந்த அளவுக்குப் பலகையில் கட்டங்கள் வரையுங்கள். இனி ஒரு கட்டத்தின் பக்கமே நமக்கு ஓர் அலகு.

‘ட’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக ஒரு கோடு, படுக்கையாக ஒரு கோடு, அவ்வளவுதான். இடப்பக்க அடிமூலையில் ஒரு மூடியை ஆணியால் அறையுங்கள். அதற்கு நேர் மேலே மூன்று அலகு தள்ளி இரண்டாவது மூடி. முதல் மூடிக்கு வலப்பக்கம் மூன்று அலகு தள்ளி மூன்றாவது மூடி. இப்போது ரப்பர் வளையத்தை மூன்றையும் சுற்றி மாட்டுங்கள். என்ன கிடைத்தது? ‘ட’ அல்ல, முக்கோணம்!

ஏன்? இழுத்துக் கட்டிய ரப்பர் வளையம் எப்போதும் குறுகிய வழியையே தேடும். பலகையில் எத்தனை ஆணிகளை அடித்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்து வளையத்தை விட்டாலும், வெளி ஓரத்து ஆணிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். உட்பக்கம் குழிந்த இடம் ஒன்றுகூட இராது. கணிதத்தில் இதற்குக் ‘குவி உறை’ என்று பெயர்.

ஆனால் எழுத்துகளின் அழகே குழிவுகளில்தான் இருக்கிறது. குழிவை எப்படிப் பெறுவது? வளையத்தை வெளியிலிருந்து உள்ளே தள்ளிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை நான்காவது மூடிக்குக் கொடுப்போம். அடிமூலை மூடியிலிருந்து வலப்பக்கம் ஓர் அலகு, மேலே ஓர் அலகு சென்று அங்கே அதை அறையுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தை விரலால் இழுத்து, இந்த மூடிக்கும் அடிமூலை மூடிக்கும் இடையே செலுத்துங்கள். நான்காவது மூடி இப்போது வளையத்துக்கு வெளியே நிற்கிறது. பாருங்கள், ‘ட’ பிறந்துவிட்டது! இரண்டு கைகளின் தடிப்பும் ஒரே சீராக, மூடியின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும்.

எனவே நம் எழுத்தில் இரண்டு வகை மூடிகள் உள்ளன. எழுத்துக்கு உள்ளே இருந்து அதன் முனைகளையும் வெளி மூலைகளையும் தாங்குபவை ‘உள் மூடிகள்’. வெளியே நின்று குழிவுகளை அழுத்திப் பிடிப்பவை ‘வெளி மூடிகள்’. ‘ட’-வுக்கு மூன்று உள், ஒன்று வெளி. ‘ப’-வுக்கு எத்தனை? நான்கு மூலைகளிலும் உள் மூடிகள். கிண்ணத்தின் உள்ளே இரு மூலைகளிலும் இரண்டு வெளி மூடிகள். ஆக ஆறு. அகலத்தை நான்கு அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நடுவில் உள்ள மூடிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்.

வளையம் சுழன்றால்?

மூடிகள் சுழலும் கப்பிகள் என்றும், ரப்பர் வளையம் ஓடும் பட்டை என்றும் கற்பனை செய்யுங்கள். மாவு அரைக்கும் ஆலையிலும் தையல் இயந்திரத்திலும் ஓடும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே உள்ள கப்பிகள் எல்லாம் ஒரே திசையில் சுழலும். வெளியே நின்று பட்டையின் புறத்தைத் தொடும் கப்பி மட்டும் எதிர்த் திசையில் சுழலும். ஆகவே, ‘ட’-வில் மூன்று கப்பிகள் வலஞ்சுழியாகச் சுழன்றால், நான்காவது இடஞ்சுழியாகச் சுழலும். சுழற்சியைப் பார்த்தே எது உள், எது வெளி என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. ஓர் எறும்பு அந்த வளையத்தின் மேல் ஒரு முழுச் சுற்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். உள் மூடிகளில் அது ஒரு பக்கமாகத் திரும்பும். வெளி மூடிகளில் மறு பக்கமாகத் திரும்பும். முதல் வகைத் திருப்பங்களின் கோணங்களைக் கூட்டி, இரண்டாம் வகைக் கோணங்களைக் கழித்தால், எந்த எழுத்தானாலும் விடை 360 பாகையே! ‘ட’-வின் இரு முனைகளிலும் 180 பாகை வீதம், அடிமூலையில் 90 பாகை, ஆகக் கூடுதல் 450. குழிவில் எதிர்ப்பக்கம் 90. கழித்துப் பாருங்கள். ‘ப’-வுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அறிஞர்கள் கேட்ட கேள்வி

இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு கணிதப் புதிர் ஒளிந்திருக்கிறது. 2001-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் மானுவேல் அபெயானஸ் இப்படிக் கேட்டார்: ஒன்றையொன்று தொடாத, ஒரே அளவான வட்டுகள் சில சமதளத்தில் எப்படி வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கட்டும். தன்னைத் தானே வெட்டாத ஒரே பட்டையை, ஒவ்வொரு வட்டையும் தொடும்படி, தொய்வின்றி மாட்ட எப்போதும் முடியுமா?

வட்டுகளுக்குப் பதில் மிக மெல்லிய ஆணிகள் என்றால் விடை எளிது. ஆணிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், முடியும். எல்லா ஆணிகளையும் தொட்டு வரும் வழிகளில் மிகக் குறுகியதைத் தேர்ந்தெடுங்கள். அதில் இரு பகுதிகள் ஒன்றையொன்று வெட்டினால், வெட்டும் இடத்தைப் பிரித்து மாற்றிக் கட்டலாம். நீளம் இன்னும் குறையும். அப்படியானால் நாம் முதலில் எடுத்தது மிகக் குறுகிய வழியாக இருந்திருக்க முடியாது! ஆகவே குறுகிய வழி தன்னைத் தானே வெட்டாது.

ஆனால் வட்டுகளுக்குப் பருமன் உண்டு. ஒன்றைத் தேடிப் போகும் பட்டையை இன்னொன்று மறிக்கும். வட்டுகளின் அளவுகள் வேறுபட்டால் எப்போதும் முடியாது என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சம அளவு வட்டுகளுக்கோ, 2010-இல் கூட விடை காணப்படவில்லை. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எரிக் டிமெய்ன், அவர் தந்தை மார்ட்டின் டிமெய்ன், ஸ்பெயினின் பெலென் பலோப் ஆகிய மூவரும் இந்தப் புதிரை எல்லோருக்கும் காட்ட ஒரு வழி கண்டார்கள். சம வட்டுகளையும் ஒரே பட்டையையும் கொண்டு ரோமன் எழுத்துகளை அமைத்து வெளியிட்டார்கள்.

அந்த எழுத்துகளை இரண்டு விதமாக அச்சிடலாம். பட்டையோடு அச்சிட்டால் படிக்கலாம். பட்டையை நீக்கி வட்டுகளை மட்டும் அச்சிட்டால் அது விடுகதையாகிவிடும். நம் ‘ட’-வையே பாருங்கள். மெல்லிய ஆணிகளாக எண்ணினால், நான்கு புள்ளிகள். மூன்று புள்ளிகளாலான முக்கோணத்துக்குள் நான்காவது புள்ளி. அதை வெளியே விடும்படி முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் குழிக்கலாம். எனவே வளையத்தை மூன்று விதமாக மாட்டலாம். மூன்றில் ஒன்றுதான் ‘ட’.

தமிழ் எழுத்து தரும் சோதனை

‘ட’, ‘ப’ ஆகியவற்றோடு நின்றுவிட்டால் கதை முடிந்தது. ‘ம’-வை எடுத்தவுடன் சிக்கல் தொடங்கும். அதன் வலப்பக்கம் மூடிய அறைபோல இருக்கிறது. ‘க’, ‘வ’, ‘ண’ ஆகியவற்றிலும் மூடிய சுழிகள் உண்டு. தன்னைத் தானே வெட்டாத ஒரு மூடிய கோடு, தளத்தை உள், வெளி என்று இரண்டாக மட்டுமே பிரிக்கும். கேட்பதற்கு மிக எளிய உண்மை, ஆனால் இதற்கு நிறுவல் எழுதிப் புகழ் பெற்றவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் காமீல் ழோர்தான், ஆண்டு 1887. நம் ‘ம’-வுக்கோ வெளிக்கு ஓர் ஓரமும் உள்ளே அடைபட்ட இடத்துக்கு ஓர் ஓரமுமாக இரண்டு வளையங்கள் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒன்றுதான்.

சரக்குப் பெட்டிகளில் தகட்டை வைத்துப் பெயின்ட் பூசி எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. தகட்டில் வட்டமான எழுத்தை முழுவதும் வெட்டினால், நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். ஆகவே அதைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு பாலத்தை விட்டு வெட்டுவார்கள். எழுத்தின் கோடு அந்த இடத்தில் சற்று அறுபட்டிருக்கும். நாமும் அப்படியே செய்வோம். மூடிய சுழியில் ஒரு சிறு வாசல் திறந்துவிட்டால், உள்ளே அடைபட்ட இடம் வெளியோடு சேர்ந்துவிடும். ஒரே வளையம் போதும்.

வாசலை எங்கே திறப்பது என்பதுதான் முக்கியம். ‘மூன்று சுழி ண, இரண்டு சுழி ன’ என்று சொல்லித்தானே சிறு வயதில் படித்தோம்? வேலையை எளிதாக்க எண்ணி ஒரு சுழியை விழுங்கிவிட்டால், ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். ‘பணி’ ‘பனி’ ஆகிவிடும். எழுத்தின் அழகு குறைந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாகிவிட்டால் பொருளே கெட்டுவிடும். ஆகவே, எழுத்து அமைப்பவர் ‘இது அழகாக இருக்கிறதா?’ என்று கேட்கும் முன் ‘இதை வேறொன்றாக எண்ணிவிட இடமுண்டா?’ என்று கேட்க வேண்டும். மருந்துப் புட்டியிலும் பேருந்துப் பலகையிலும் உள்ள எழுத்துக்கும் இதே விதிதான்.

ஆய்த எழுத்தை மறந்துவிடாதீர்கள்! ‘ஃ’-க்கு மூன்று மூடிகள் போதும், வளையமே வேண்டாம். வளையத்தை மாட்டினால்தான் அது முக்கோணமாகிக் கெட்டுவிடும்.

நீங்களே சோதியுங்கள்

நீங்கள் அமைத்த எழுத்துகளைத் தாளில் படியெடுத்து, தனித்தனி அட்டைகளில் ஒட்டுங்கள். அட்டைகளைக் கலைத்துப் போட்டு, மூன்று மீட்டர் தொலைவில் ஒவ்வொன்றாக நண்பர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் என்ன எழுத்தென்று சொன்னார்களோ, அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள், உதவாதீர்கள். முழுச் சொல்லாகக் காட்டாமல் தனி எழுத்தாகக் காட்டுவது நல்லது. சொல்லில் வந்தால் பக்கத்து எழுத்துகள் விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். ஓலைச் சுவடியில் புள்ளி இல்லாமலே படித்தவர்களுக்குத் துணையாக இருந்ததும் அதுதான்.

எந்த எழுத்தை எதுவாக மாற்றிச் சொன்னார்கள் என்று பட்டியல் போடுங்கள். பிழை மிகுந்த எழுத்தில் ஒரே ஒரு மூடியை மட்டும் இடம் மாற்றி, இதுவரை பாராத வேறு நண்பர்களிடம் மீண்டும் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான், பிழை குறைந்தது எதனால் என்று தெரியும். ஆய்வுக்கூடத்தில் அறிஞர்கள் செய்வதும் இதுவே.

‘ட’-வுக்கு நான்கு, ‘ப’-வுக்கு ஆறு மூடிகள் என்று கண்டோம். வாசல் திறந்த ‘ம’-வுக்கு எத்தனை வேண்டும்? வாசலை மேலே வைத்தால் ஓர் எண், கீழே வைத்தால் வேறோர் எண் வரக்கூடும். குறைந்த மூடிகளில், யாரும் பிழையாகப் படிக்காத ‘ம’ எது? விடை இந்தக் கட்டுரையில் இல்லை. அது உங்கள் பலகையில்தான் கிடைக்கும். இழுப்பறையைத் திறந்து அந்த ரப்பர் வளையத்தை எடுங்கள்!